கேஸ் ஷீட்டில் ஊர்ப் பெயருக்கும் இடம் வேண்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ மூணாறுக்கோ குடும்பத்தோடு நாயையும் அழைத்துப் போகிறவர்கள் நம் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். விடுதியில் கேட்பார்கள் என்பதால் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும் அவர்களுக்கு. நாமும் தேதியைப் பார்த்து, ஊசி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறோம். எந்த ஊர், எத்தனை நாள், காட்டோரமா கடற்கரையா என்று கேட்பவர்கள் நம்மில் குறைவு. திரும்பி வந்த நாயைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னும் குறைவு. ஒட்டுண்ணித் தடுப்பில் நாம் விட்டுவைத்திருக்கும் பெரிய ஓட்டை இதுதான்.

‘மலையில் குளிர், உண்ணி இருக்காது’ என்று உரிமையாளர்கள் நம்புகிறார்கள். ஆனால் நாய்களில் நாம் அன்றாடம் பார்க்கும் பழுப்பு உண்ணி, ரிப்பிசெபாலஸ் சாங்குனியஸ், கட்டடத்துக்குள்ளேயே வாழப் பழகியது. சுவர் விரிசலிலும் கட்டிலடியிலும் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பல ஊர் நாய்கள் மாறி மாறித் தங்கும் விடுதி அறையும் போர்டிங் கூடமும் அதற்கு வசதியான இடங்கள். காட்டோரப் புல்வெளியில் ஹீமாபைசாலிஸ் உண்ணிகளும் சேர்ந்துகொள்ளும். உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணியான பபீசியா கிப்சோனை 1910இல் பேட்டன் முதலில் விவரித்தது சென்னையில்தான்: வேட்டை நாய்களின் இரத்தத்தில் கண்டார், பிறகு நரியின் இரத்தத்திலும் கண்டார். காட்டு விலங்கும் வீட்டு நாயும் ஒரே புல்லில் நடந்தால் என்ன ஆகும் என்பது அன்றே தெரிந்துவிட்ட செய்தி.

ஆகவே புறப்படும் முன் தரும் மருந்தை இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐசாக்சசோலின் மாத்திரைகள் உண்ணியை நன்றாகக் கொல்கின்றன. ஆனால் உண்ணி கடித்து இரத்தம் குடித்த பிறகே அவை வேலை செய்கின்றன. எர்லிகியா கேனிஸ், உண்ணி கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடலுக்குள் போய்விடக்கூடும். உண்ணி மிகுந்த இடத்துக்குப் போகும் நாய்க்கு, உண்ணியை அண்டவிடாத பெர்மெத்ரின் அல்லது டெல்டாமெத்ரின் வகை மருந்தையும் சேர்த்து யோசிக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரினைத் தவிர்த்துவிடுங்கள். வலிப்பு வந்த நாய்க்கு ஐசாக்சசோலின் எழுதும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். ஸ்பாட்-ஆன் போட்ட கையோடு கடலில் இறங்கினால் மருந்து வீணாகும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். எந்த மருந்து கொடுத்தாலும், தினமும் மாலையில் காது மடல், விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டையின் அடி ஆகியவற்றைத் தடவிப் பார்க்கும் வேலையை உரிமையாளர் விடக்கூடாது.

கேரளத்துக்குப் போகும் நாய்க்குக் கொசுவையும் கணக்கில் கொள்ள வேண்டும். கொசு பரப்பும், தோலடியில் வாழும் டைரோஃபைலேரியா ரீபென்ஸ் அங்கே நாய்களில் பரவலாக இருக்கிறது. மனிதக் கண்ணிலிருந்தும் அந்தப் புழு எடுக்கப்பட்டிருக்கிறது. மாதாந்தர மேக்ரோசைக்ளிக் லாக்டோன் தடுப்பு மருந்து, முந்தைய சில வாரங்களில் உள்ளே வந்த இளம்புழுக்களை அழிக்கும். எனவே பயணம் தொடங்கிய முப்பது நாளுக்குள் முதல் தவணையும், திரும்பிய முப்பது நாளுக்குள் கடைசித் தவணையும் விழுந்தாக வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசித் தவணையைத்தான். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குத்துமதிப்பாகப் போடும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. கோலி வகை நாய்களுக்கு அது உயிராபத்து.

கடற்கரை மணலில் கொக்கிப்புழு, மலையோடைத் தண்ணீரில் மூக்கேறும் அட்டை ஆகியவற்றுக்கும் ஒரு வரி எச்சரிக்கை போதும். கொக்கிப்புழு இளம்புழு மணலில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோலிலும் நுழையும் என்று சொன்னால் குடற்புழு நீக்கத்தை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

நோய் வெளிப்படும் நேரத்தில் பயணம் மறந்துபோயிருக்கும். எர்லிகியா தொற்று காய்ச்சலாகத் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே தங்கவும் செய்யும். இரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா தென்பட ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். சோர்ந்து, பிளேட்லெட் குறைந்து வரும் நாய்க்கு டாக்சிசைக்ளின் தொடங்கிவிட்டு நாம் நிம்மதியடைகிறோம். காட்டோரம் போய்வந்த நாய் என்று தெரிந்திருந்தால் ஸ்மியரில் கிப்சோனையும் தேடியிருப்போம். டாக்சிசைக்ளின் மட்டும் அதற்குப் போதாது. டிமினசீனும் அதை முழுதாக அகற்றுவதில்லை.

பயணம் போன நாயோடு இந்தச் சிக்கல் முடிவதும் இல்லை. பிரிட்டனில் வெளிநாடு போய்த் திரும்பும் நாய்களுக்குக் கட்டாயமாக இருந்த உண்ணி மருந்து 2012 தொடக்கத்தில் விலக்கப்பட்டது. எசெக்ஸின் ஹார்லோ பகுதியில், வெளிநாடே போகாத நாய்களுக்குப் பபீசியா கேனிஸ் தொற்று இருந்தது 2016இல் தெரியவந்தது. அதைப் பரப்பும் உண்ணிகள் உள்ளூர்ப் புல்வெளியிலேயே இருந்தன. விதி தளர்ந்ததால்தான் அது வந்தது என்று அறுதியிட முடியாது. ஆனால் வெளியிலிருந்து வரும் தொற்று, பரப்பும் உண்ணி இருக்கும் இடத்தில் வேரூன்றும் என்பதை அது தெளிவாகக் காட்டியது. நம் தெருக்களிலும் தொற்றைப் பரப்பும் உண்ணிகளுக்குப் பஞ்சமே இல்லை.

கேஸ் ஷீட்டில் மூன்று வரிகள் சேர்ப்போம்: கடந்த ஓராண்டில் போன ஊர்கள், பயணம் செய்த மாதம், கொடுத்த தடுப்பு மருந்தும் அதன் தேதியும். சான்று கேட்டு வரும் அன்றே, திரும்பிய மூன்றாம் வாரத்துக்கு ஒரு மறுபரிசோதனைத் தேதி கொடுப்போம். அன்று உடல் முழுவதும் பார்த்து ஸ்மியரும் பிளேட்லெட் எண்ணிக்கையும் செய்தாலே பல தொற்றுகள் ஆரம்பத்தில் பிடிபடும். கொசுப் பகுதிக்குப் போனவற்றுக்கு ஏழாம் மாதத்தில் மைக்ரோஃபைலேரியா சோதனையும் வேண்டும். பயணத்துக்குப் பின் உறுதியான ஒவ்வொரு தொற்றையும் ஊர்ப் பெயரோடு இவ்விதழுக்கு எழுதுங்கள். அவற்றுக்கெனப் பக்கம் ஒதுக்குகிறோம். அந்தக் குறிப்புகள் சேரச் சேர, அடுத்த கோடையில் வால்பாறைக்குப் போகும் நாய்க்கு எதை எழுத வேண்டும் என்பதை நம் சொந்தத் தரவிலிருந்தே சொல்ல முடியும்.