தேடி வர ஆளில்லாதவர்கள்

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. உடம்பு ஓய்ந்து வேலை நின்றால் வீடும் நிலையில்லை. சொந்த நிலமில்லாத தலித் முதியவருக்கும், பிள்ளைகள் பிழைப்புத் தேடி மலையிறங்கிவிட்ட பழங்குடி முதியவருக்கும் கடைசிப் போக்கிடம் ஏதோ ஒரு காப்பகம்தான். அதன் கதவுக்குப் பின்னால் நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினர். அதற்குப் பிறகே அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடியது. 2023 பிப்ரவரியில், விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமம் உரிய அனுமதியின்றி நடந்தது வெளியே வந்தது. அதுவும் அரசின் ஆய்வினால் அல்ல. காணாமல்போன முதியவர் ஒருவருக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டதால். தோட்டக் கூலிக்காக அப்படி மனு போட யார் இருக்கிறார்கள்?

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் ஆதரவற்ற 150 முதியோராவது தங்கும் இல்லத்தை மாநில அரசு ‘அமைக்கலாம்’ என்கிறது. அது ‘அமைக்க வேண்டும்’ என்று மாற வேண்டும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி, முன்னறிவிப்பின்றி வரட்டும். ஆய்வுக் குழுவில் தலித், பழங்குடிப் பெண்கள் இருக்கட்டும். அறிக்கையைக் காப்பக வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் ஒட்டட்டும். மாணவர்களே, முதியோர் உதவி எண் 14567. உங்கள் ஊர்ச் சுவரில் எழுதி வையுங்கள். தேடி வர ஆளில்லாதவர்களுக்கு நாம்தான் உறவு.