வாழ்த்துச் சொல்லில் மறைந்திருக்கும் அடிமை



இத்தாலியில் நண்பர்கள் சந்திக்கும்போதும் விடைபெறும்போதும் 'ச்சாவ்' என்பார்கள். அறிமுகமற்ற பெரியோரிடம் பொதுவாக அதைச் சொல்லார்; நெருங்கியவர்களிடையே வழங்கும் எளிய சொல் அது. ஆனால் அதன் பிறப்பு எளிதானதன்று. வெனிஸ் நகரத்து வட்டார மொழியில் 'ஸ்ச்சாவோ' என்றால் அடிமை. 'உமக்கு அடிமை' என்று பணிந்து கூறிய வாழ்த்தே நாளடைவில் தேய்ந்து 'ச்சாவ்' ஆகி, 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலி முழுவதும் பரவியது.

அதன் வேர் இன்னும் வேதனையானது. இடைக்கால லத்தீனில் அடிமையைக் குறித்த 'ஸ்க்லாவுஸ்' என்னும் சொல், ஸ்லாவ் இன மக்களின் பெயரிலிருந்து வந்தது. அம்மக்களில் திரளானோர் சிறைபிடிக்கப்பட்டு விற்கப்பட்டமையால், ஓர் இனத்தின் பெயரே அடிமைக்குப் பெயராயிற்று. வெனிஸ் வணிகரும் அவ்வியாபாரத்தில் பங்குகொண்டனர். ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கும் 'ஸ்லேவ்' என்பதும் அவ்வேரில் முளைத்ததே.

சிந்தித்துப் பாருங்கள். விலைக்கு விற்கப்பட்டவன் தன்னை அடிமை என்று வாயால் அறிவிக்க வேண்டியதில்லை. அவன் முதுகே அதை அறிவித்தது. சுயாதீனராய் இருந்தவர்களே அச்சொல்லை வாழ்த்தாக வழங்கினர். அவனுக்குக் கண்ணீராய் இருந்தது இவர்களுக்கு உபசாரமாயிற்று.

நாமும் இதற்கு விலக்கல்லவே! 'அடியேன்' என்கிறோம், 'தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்' என்று கடிதத்தை முடிக்கிறோம். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கி வைக்கும் வேளையில் அவ்வூழியர்களில் எத்தனை பேர் அங்கே நிற்கிறோம்?

இத்தாலியின் ரோமாபுரியிலிருந்த சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய நிருபத்தின் தொடக்கத்தைக் கவனியுங்கள். நாம் 'ஊழியக்காரன்' என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'தூலோஸ்', அதாவது அடிமை. அடிமைகள் நிறைந்திருந்த நகரத்தாருக்குத் தம்மை அப்படி அறிமுகம் செய்தது வெறும் உபசாரமன்று. அதற்கேற்ற பாடுகளை அவர் சரீரத்தில் சுமந்தார். பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் எடுத்த ரூபத்தைக் குறிப்பதும் அதே சொல்லே. அவர் அச்சொல்லை உபசாரமாக்கவில்லை. சீஷர்களின் கால்களைக் கழுவி, சிலுவைமட்டும் அதை வாழ்ந்து காட்டினார்.

பணிவான சொற்களை விட்டுவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. சொல் தேய்வது இயல்பு. செயல் தேய்வதே ஆபத்து. இவ்வாரம் 'அடியேன்' என்று ஒருவரிடம் சொல்லுமுன், அவருடைய பாரத்தில் எதையேனும் சுமந்தோமா என்று நம்மை நாமே சோதித்தறிவோம். அதற்கான கிருபையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.