ஜன்னலுக்குக் குடுத்த காசு

கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசம் முடிந்ததற்காக மனுசியைக் கூட்டிக்கொண்டு போன மாதம் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு ஹொட்டலுக்குச் சாப்பிடப் போனேன். பெயர் வேண்டாம். ஜேர்சி சிற்றியில் இத்தனை வருசம் இருந்தும் அந்தக் கரையில் இருந்து சாப்பிட்டதில்லை. நான் உணவகச் சமையலறையில் நிற்கிறவன். இன்னொருத்தர் சமைக்க, நான் இருந்து சாப்பிடுவதென்றால் எனக்கு அது திருவிழா.

காட்சிக்குக் குறை சொல்ல ஏலாது. ஆற்றுக்கு அங்கால மன்ஹற்றன் முழுக்க வெளிச்சம். ஆனால் மீன் வந்தபோது விளிம்பெல்லாம் காய்ந்து, குழம்பில் ஆடை படிந்திருந்தது. சூட்டு விளக்குக்குக் கீழே கனநேரம் காத்துக்கிடந்த கோப்பை என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

"நியூவாக் அவெனியூவில ஒரு தோசையைச் சாப்பிட்டிட்டு, வந்து இந்தக் கரையில சும்மா இருந்திருக்கலாமப்பா" என்றாள் மனுசி. உண்மைதான். கரையோர நடைபாதைக்குக் காசில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் முதலில் கோப்பையைக் கொண்டுவந்த பொடியன்மேல்தான் கோபம் வந்தது. பிறகுதான் கேட்டேன். அன்றைக்கு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லையாம், அவன் தனியாகப் பதினொரு மேசை பார்க்கிறானாம். பக்கத்து மேசைக்காரர் அவனை ஏசிவிட்டு ஒரு சதமும் வைக்காமல் எழும்பிப் போனார்.

பில்லில் 20 வீதம் 'சேவைக் கட்டணம்' போட்டிருந்தது. அது பரிமாறியவருக்குப் போகிறதென்றுதான் எங்கட ஆக்கள் நினைக்கிறார்கள். அமெரிக்க மத்திய சட்டப்படி அது ரிப்ஸ் அல்ல, முதலாளியின் வருமானம். பங்கு குடுப்பதும் விடுவதும் அவர் விருப்பம். ரிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு மத்திய அரசு வைத்த அடிப்படைக் கூலியோ 1991இலிருந்து மணித்தியாலத்துக்கு 2.13 டொலர்தான். நியூ ஜேர்சியில் கொஞ்சம் கூட, என்றாலும் மற்றவர்களின் குறைந்தபட்சக் கூலியில் பாதிகூட இல்லை.

அந்த ஜன்னலுக்கு நேரெதிரே, உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுர உச்சியில் 'விண்டோஸ் ஒன் த வேர்ள்ட்' என்றொரு உணவகம் இருந்தது. 1976இல் திறந்தது. காட்சிக்குப் பேர்போனது. 2001 செப்ரெம்பர் 11 காலையில் அங்கே வேலைக்கு நின்ற எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கனபேர் எங்களைப்போலப் பிறநாட்டிலிருந்து வந்தவர்கள். தப்பிய தொழிலாளர்களும் சேர்ந்து 2002இல் உணவகத் தொழிலாளர்களுக்கென ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள்.

2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடினபோது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம். அதோடு படிப்பு போச்சு. இங்கே வந்து முதலில் செய்தது கோப்பை கழுவுகிற வேலை. எனக்கே அன்றைக்கு அந்தப் பொடியனின் முகம் பிந்தித்தான் தெரிந்தது.

சாப்பாடு சரியில்லையென்றால் மனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கோப்பையைத் திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை. பரிமாறியவரிடம் மட்டும், "இந்தக் கட்டணம் உங்களுக்கு வருதா?" என்று மெல்லக் கேளுங்கள். நான் கேட்டேன். அவன் சுற்றிப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினான். இருபது டொலர் தாளைக் கையில் வைத்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து மனுசி முட்டை பொரித்தாள். பாணோடு சாப்பிட்டோம்.