பச்சை நிறத்தை நம்பவா, பெரியகுப்பத்தை நம்பவா?

கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் தெருவுக்கு வந்தால், பதில் தயாராக இருக்கிறது: “புகைபோக்கியில் கருவி இருக்கும், அளவு இணையத்தில் வரும், யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.” மணலிக் காற்றுக்குச் செல்போன் செயலி போடும் மதிப்பெண்ணைக் காட்டி எண்ணூர்க்காரர் வாயை அடைப்பது போதாதா?

அந்த மதிப்பெண்ணின் லட்சணத்தைப் பார்ப்போம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆலை அருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. ஆனால், அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,090 என்பது அரை மணி நேரம் நீடித்து, மீதி இருபத்துமூன்றரை மணி நேரம் அமோனியாவே இல்லை என்றால், நாள் சராசரி 44-ஐக்கூடத் தொடாது. தேசியக் காற்றுத் தரக் குறியீட்டில் அமோனியா 200 வரை ‘நன்று’, நிறம் பச்சை. இந்தக் கணக்குப்படி, ஊர் மூச்சுத்திணறி ஓடிய நாளுக்கும் பச்சைதான்!

கருவி பொய் சொல்லாது என்று வாதாடுபவர்கள் அந்தக் குப்பத்தில் ஓர் இரவு படுத்துவிட்டு வந்து பேசட்டும். மதிப்பெண் ஒரு நாளின் அளவு. பேர் என்பது பல வருடச் சம்பாத்தியம். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தபோது, மீனவர்கள் உடனே மணலியைக் கை காட்டினார்கள். அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையான சிபிசிஎல் முதலில் மறுத்தது. எண்ணெய் அந்த ஆலையிலிருந்துதான் வந்தது என்று பின்னர் வாரியமே உறுதிசெய்தது. யார் பேர் நின்றது?

மதிப்பெண் மோசமாக வந்தபோதாவது ஏதாவது நடந்ததா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொழிற்பகுதி மாசுக் குறியீட்டில் மணலி 2009-இல் 76.32 வாங்கியது, 70-ஐத் தாண்டினாலே ‘மிக மோசம்’. 2018-இல் 84.15. எண் குறைந்தால் மக்களை அடக்க உதவும். கூடினால் கோப்பில் தூங்கும்.

மதிப்பெண்ணைக் கண்மூடி நம்பக் கூடாது என்பது கடைச் சரக்கு விஷயத்தில் தெரிந்தே இருக்கிறது. இணையத்தில் பொருளுக்கு விமர்சனம் எழுதுபவர் உண்மையான ஆளா என்று சரிபார்க்க, 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ‘ஐஎஸ் 19000’ என்று தனித் தரநிலையே வகுத்தது. செருப்பு வாங்க வேண்டிய எச்சரிக்கை மூச்சு விடுவதற்கு வேண்டாமா?

நாள் சராசரிக்குப் பக்கத்திலேயே அன்றைய உச்ச அளவையும், பொறுப்பான அதிகாரியின் பெயரையும் வாரியம் போடட்டும். அதுவரை, நெடி வருகிறது என்று எண்ணூர் மீனவர் சொன்னால் ஆலையை நிறுத்திவிட்டு அப்புறம் அளக்கட்டும். கொடுங்கையூர் எரிஉலைப் பேச்சை இத்துடன் விட்டுவிடட்டும்.