முதலில் வீட்டைச் சோதிக்க வேண்டும்

பழைய வீடுகளில் காரீய நஞ்சு குழந்தையை எட்டும் முக்கிய வழிகளில் ஒன்று ஜன்னல். அமெரிக்கா 1978-ல் வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பெரும்பாலான வீடுகள் அதற்கு முன்பே கட்டப்பட்டவை. அங்குள்ள மர ஜன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் பழைய பெயின்ட் உராய்ந்து பொடியாகிறது. பொடி தரையில் படிகிறது. தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகிறது. உட்கொண்ட காரீயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும். மூளைக்கு நேர்ந்த சேதத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

இவ்வளவு தெரிந்தும், குழந்தையின் ரத்தத்தில் காரீயம் தென்பட்ட பிறகே வீட்டைத் தேடிப் போவது பல ஊர்களில் வழக்கமாக இருக்கிறது. குழந்தையையே சோதனைக் கருவியாக்கும் இந்த முறை கைவிடப்பட வேண்டும்.

ராச்செஸ்டர் அதைக் கைவிடக் காரணம் ஊர் மக்கள். 2000-ல் ஆசிரியர்கள், மருத்துவர்கள், பல்கலைக்கழகத்தினர், குடியிருப்போர் ஆகியோர் ஒரே கூட்டமைப்பாகத் திரண்டார்கள். ஐந்தாண்டு முயற்சிக்குப் பின், 2005 டிசம்பரில் நகர மன்றம் சட்டம் இயற்றியது. 2006 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. வாடகை வீட்டுக்கான குடியிருப்புச் சான்றைப் புதுப்பிக்கும்போதே, உரிந்த பெயின்ட் இருக்கிறதா என ஆய்வாளர் பார்ப்பார். ஆபத்து மிகுந்த பகுதிகளில் தரையையும் ஜன்னல் விளிம்பையும் ஈரத்துணியால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். யாரும் புகார் தர வேண்டியதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி வாய் திறக்காத ஏழைக் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

செலவு கட்டுப்படியாகாது, வீடுகளைப் பூட்டிப் போட நேரும் என்று உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். பிந்தைய ஆய்வுகளில் அஞ்சிய அளவுக்குச் செலவு ஆகவில்லை என்று தெரிந்தது. வாடகைச் சந்தையும் குலையவில்லை. ரத்தத்தில் காரீயம் மிகுந்த குழந்தைகளின் எண்ணிக்கை மாநிலத்தின் பிற பகுதிகளைவிட அங்கே வேகமாகக் குறைந்தது. குடியிருப்போர் சங்கம் ஒன்று பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு வீட்டையே காட்சிக்கூடமாக்கி, காரீயத்தோடு பூஞ்சணம், கார்பன் மோனாக்சைடு போன்ற ஆபத்துகளையும் நேரில் காட்டியது.

இந்தியாவில் 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது. ஆனால், இந்த விதி புது டப்பாக்களுக்கு மட்டுமே. அதற்கு முன் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் பூசிய எனாமல் பெயின்ட் அப்படியே இருக்கிறது. மறுபூச்சுக்கு முன் அதை உப்புத்தாளால் உலரத் தேய்க்கும் தொழிலாளிதான் தூசியை முதலில் சுவாசிக்கிறார். நனைத்துத் தேய்க்கும் முறையை அவருக்குக் கற்றுத்தர வேண்டும். வீட்டு ஆய்வை உள்ளாட்சிகள் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும்; பெயின்டர் சங்கங்களையும் பெற்றோரையும் அதில் சேர்க்க வேண்டும். குழந்தைகள் நாள் முழுதும் தரையில் விளையாடும் அங்கன்வாடிக் கட்டடங்களில் இந்த ஆய்வு உடனே தொடங்கட்டும்.