எல்லைக்கோட்டில் நின்றுவிடும் அறிவு

மெத்தப் படித்தவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் கடினமான இடமாக இருப்பதில்லை. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகமே இதற்குச் சான்று. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பாறைக்கு அடியில் நிறுத்தி, எதனோடும் எளிதில் வினைபுரியாத ஒரு துகளின் இயல்பை அறிய முனைந்த திட்டம் அது. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்த மரபின் வாரிசுகள் அதைத் தீட்டினார்கள். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான அந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதலும் அளித்தது. ஆனாலும் அம்பரப்பர் மலையில் இன்றுவரை சுரங்கம் இல்லை. திட்டம் இயற்பியலில் தோற்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற சாதாரணக் கேள்வியில் இடறிவிட்டது.

அதுவும் முதல் இடறல் அல்ல. முதலில் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு அருகில் என்பதால் 2009-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை மறுத்து, கம்பத்தை அடுத்த சுருளிப் பகுதியைப் பரிசீலிக்கச் சொன்னது. சுருளியும் அடர்ந்த காடு. அங்கிருந்து நகர்ந்துதான் திட்டம் பொட்டிபுரத்துக்கு வந்தது. வந்த இடத்திலும் கதை மாறவில்லை. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 4.9 கிலோமீட்டரில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, முழுமையான ஆய்வு தேவைப்படும் 'ஏ' பிரிவில் வரவேண்டிய திட்டம் இது என்று 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டும் வேலையை 'கட்டடம், கட்டுமானம்' என்ற பிரிவில் சேர்த்து, சிறப்பு நேர்வாகக் கருதி 2018 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று தீர்ப்பாயம் நிபந்தனை போட்டது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்துக்குத் தன் எதிர்ப்பைப் பதிவுசெய்தது. மலையைக் குடைவது கட்டடம் கட்டுவதாகுமா என்று அந்த ஊரில் ஆடு மேய்ப்பவரைக் கேட்டிருந்தால்கூட விடை கிடைத்திருக்கும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது, ஆனால் நியாயமல்ல. இங்கே அறிவுக் குறைவு எதுவும் இல்லை. நுண்ணறிவுத் தேர்வுகள் அளப்பது ஒன்று, அன்றாட முடிவுகளுக்கு வேண்டிய பகுத்துணர்வு வேறொன்று என்று உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். கூர்மையான மூளை, கொடுத்த கணக்கை வேகமாகப் போடும். கணக்கில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அந்தக் கூர்மை தானாகச் சொல்லித்தராது. பட்டறிவு உதவுவது அந்த இடத்தில்தான். மலையடிவாரத்தில் வாழ்பவருக்கு மலை என்பது ஒரே மலை. அதன் நடுவே மாவட்ட எல்லை, மாநில எல்லை, துறை எல்லை என்று கோடு கிழித்து யோசிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. திட்ட அறிக்கை எழுதுபவருக்கோ கோட்டுக்கு அப்பால் இருப்பது வேறொருவர் பொறுப்பு.

கம்பத்துக்கு இந்தப் பாடம் 2023-இல் வீதிக்கே வந்தது. இடுக்கியின் சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகிய அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை, கேரள உயர் நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி இடம்மாற்ற முடிவானது. முதலில் சொன்ன பரம்பிக்குளத்தில் மக்கள் எதிர்க்கவே, ஏப்ரல் இறுதியில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கேரளத்தின் வரைபடத்தில் அது ஆழ்ந்த காடு. அந்தக் காட்டின் கிழக்குச் சரிவில் மேகமலையும், அதன் காலடியில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. சில நாட்களிலேயே யானை மேகமலைத் தோட்டங்களில் தென்பட்டது. மே 27 அன்று கம்பம் நகருக்குள் நடந்தது. ஊரில் 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. அன்று காயமடைந்த ஒருவர் பின்னர் உயிரிழந்தார். ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதை மீண்டும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றது. கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது, செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லியது. அரிசி ருசி கண்ட யானை இறங்கி வந்தால் எந்த ஊர் என்று கம்பத்தை யாரும் முன்கூட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஊரார் அறிவு மட்டும் தவறாதா என்று கேட்கலாம். தவறும். நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற அச்சம் பொட்டிபுரத்தைச் சுற்றி வேகமாகப் பரவியது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலை நொடிதோறும் கோடானுகோடியாகக் கடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஓர் அச்சம் தவறு என்பதால் அதோடு சேர்ந்து வந்த கேள்விகளெல்லாம் தவறாகிவிடாது. வெட்டிய பாறை எங்கே குவியும், தண்ணீர் எங்கிருந்து வரும், மேய்ச்சலுக்கு மலைப்பாதை திறந்திருக்குமா என்பவை அறியாமையின் கேள்விகள் அல்ல. இந்தப் பள்ளத்தாக்கு அறிவியலுக்கு எதிரி என்ற வாதமும் எடுபடாது. அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்பது சாதாரணப் புத்திக்கு எட்டாத யோசனை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் 1895-இல் அதை முடித்துக் காட்டினார். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அந்தப் பொறியாளருக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்தநாளில் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். பலன் கண்ணுக்குத் தெரிந்தால் பெரிய அறிவை இந்த மண் கொண்டாடத் தயங்கியதில்லை.

ஒவ்வோர் ஊரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வேலையும் நடக்காது என்பது இன்னொரு மறுப்பு. கேட்காததால் என்ன நடந்தது என்பதே அதற்கு விடை. பொட்டிபுரம் வழக்குகளில் சிக்கிக் கிடக்க, சீனா தன் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகத்தை முடித்து 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. முதலிலேயே செலவழித்திருக்க வேண்டிய சில மாதங்களை மிச்சம்பிடிக்கப் போய் ஆண்டுக்கணக்கில் இழந்தவர்கள் நம் இயற்பியலாளர்களே. ஓர் ஊரை மட்டும் கேட்பதாலும் பயனில்லை. பரம்பிக்குளத்தின் எதிர்ப்பு யானையை அங்கிருந்து விலக்கியது. அந்தச் சுமையைக் கடைசியில் கம்பம் சுமந்தது. ஆகவே கோட்டின் இரு பக்கமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

இப்போதுள்ள நடைமுறையில், கருத்துக் கேட்பு நடக்கும் திட்டங்களிலும், இடம் முடிவாகி வரைவு அறிக்கை தயாரான பிறகே மக்களை அழைக்கிறார்கள். அதற்குப் பின் ஊராருக்கு எதிர்ப்பது ஒன்றுதான் வழி. இந்த வரிசையை மாற்ற வேண்டும். மலையையோ காட்டையோ தொடும் எந்தத் திட்டத்திலும், இடத்தேர்வுக்கு முன்பே சம்பந்தப்பட்ட கிராம சபைகளைத் தமிழில் எழுதிய தகவலோடு அணுகி, அவர்கள் எழுப்பும் கேள்விகளை ஆய்வுக்கான வரையறையில் சேர்ப்பதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். பெரியாறு, மேகமலைக் காடுகளில் வன உயிரினங்களை இடம்மாற்றும் முடிவை இரு மாநில வனத்துறைகளும் இரு பக்கத்து விவசாயிகளும் உள்ள நிலையான குழுவே எடுக்க வேண்டும். இது எட்டாத கனவல்ல. ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருப்பது தோட்டங்களுக்கு நடுவில்தான். எப்போது கவாத்து செய்தால் பழுக்கும் வேளையில் மழை விழாது என்பதை ஆண்டாண்டாகக் கணித்து வரும் விவசாயியை ஒதுக்கிவிட்டு எந்த ஆய்வாளரும் அங்கே வேலை செய்ய முடியாது. அந்த ஒழுங்கு நியூட்ரினோ திட்டத்தை முன்னெடுக்கும் அணுசக்தித் துறைக்கும் வனத்துறைக்கும் வர வேண்டும். வரும்வரை, அடுத்த பெரிய திட்டமும் நீதிமன்றத்தில்தான் முதல் பாடம் கற்கும்.