டிராக்டரில் 540, உருளையில் எவ்வளவு?

கேள்வி: விதைக்கு வைத்த உளுந்தை டிராக்டரில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரத்தில் அடித்தபோது நிறைய மணிகள் பருப்பாக உடைந்துவிட்டன. முளைப்புச் சோதனையிலும் விதை தேறவில்லை. டிரைவர் 540-ல்தான் ஓட்டினார். தவறு எங்கே?

பதில்: டிரைவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். 540 என்பது டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள். உளுந்தை அடிப்பது அந்தத் தண்டு அல்ல. இயந்திரத்துக்குள் இருக்கும் உருளை. நடுவில் கப்பிகளும் பெல்ட்டும் உள்ளன. ஓட்டும் கப்பி 12 அங்குலம், உருளைக் கப்பி 8 அங்குலம் என்றால் 540 × 12 ÷ 8 = 810 சுற்று. அதையே மாற்றிப் போட்டால் 360 சுற்றுதான். டிராக்டர் மீட்டர் இரண்டு முறையும் ஒன்றையே காட்டும்.

60 செ.மீ. விட்டமுள்ள உருளையின் விளிம்பு 810 சுற்றில் நொடிக்குச் சுமார் 25 மீட்டர் வேகத்தில் மணியை அடிக்கும். 360 சுற்றில் சுமார் 11 மீட்டர். கோதுமை தாங்கும் அடியை உளுந்து தாங்காது. முழுதாகத் தெரியும் மணியிலும் விரிசல் விழுந்து முளைப்பு குறையும். சான்று விதை உளுந்துக்கு 75 சதவீத முளைப்பு தேவை.

உருளையின் சுற்றை டாக்கோமீட்டரால் அளக்கலாம். இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு, உருளைத் தண்டின் முனையிலோ கப்பியிலோ எண்ணெய், தூசியைத் துடைத்து, நகம் அளவு ஒளிரும் பட்டை ஒன்றை மட்டும் ஒட்ட வேண்டும். இரண்டு ஒட்டினால் அளவு இரட்டிப்பாகக் காட்டும். சுற்றியுள்ள பளபளப்பான இடத்தில் கறுப்பு மை பூசுவது நல்லது. நேர் வெயில் படாமல், தள்ளி நின்று ஒளியைப் பட்டைமேல் காட்டி மூன்று முறை அளக்க வேண்டும். வேட்டி, துண்டு நுனிகளை இறுக்கிக் கட்டிக்கொள்வது அவசியம்.

முதலில் வெறுமையாகவும், பிறகு செடி போட்டும் அளக்க வேண்டும். செடி போட்டதும் சுற்று வெகுவாக இறங்கினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேகத்தைக் குறைக்க எஞ்சினை மட்டும் குறைத்தால் காற்றாடியும் சல்லடையும் மெதுவாகி, மணியோடு பொட்டு கலந்து வரும். இயந்திரத்தின் கையேட்டில் உளுந்துக்குச் சொன்ன கப்பியை மாற்றுவதே சரி. மாற்றியதும் ஒரு கட்டு செடியை அடித்து, நூறு மணியை எண்ணி, உடைந்ததைப் பார்த்த பிறகே மீதியை அடிக்கலாம்.